மீன் குழம்புக்குச் சிவப்பு ஒயின் சேருமா?

நம் ஊர்ப் பக்கம் "ஒயின் ஷாப்" என்று பலகை மாட்டிய கடைகள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன. உள்ளே பிராந்தி கிடைக்கும், விஸ்கி கிடைக்கும், ரம் கிடைக்கும். ஒயின் கேட்டால் மட்டும் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம் போனது, பலகைகளும் போயின. பேச்சில் மட்டும் ஒயின் ஷாப் இன்றும் இருக்கிறது. பெயரில் உள்ள அந்த ஒயினை நம்மவர்களில் எத்தனை பேர் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி சும்மா எழவில்லை. எங்கள் அலுவலகத்தில் நெல்லைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம். குடும்பம் ஊரில், இவர் கரமனையில் ஒரு லாட்ஜ் மாடியில். வாரம் ஆறு நாளும் தங்கமான மனிதர். ஏழாம் நாள் மாலை ஒரு குவார்ட்டர் பிராந்தியை வெறும் வயிற்றில் இரண்டே மடக்கில் இறக்குவார். பிறகு சாப்பாடும் கிடையாது, பேச்சும் கிடையாது. வாங்கி வந்த பரோட்டாப் பொட்டலம் மறுநாள் காலை அப்படியே இருக்கும்.

இந்த ஆண்டு அவருடைய மகளுக்கு இங்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஜூன் மாதம் மகள் வருகிறாள். சிறு வீடாகப் பார்த்துக் குடி போகவேண்டும். "பிள்ளை முன்னால இப்படிக் கிடந்தா நான் ஊரிலேயே இருந்துக்கிடுதேன், அவளையும் அனுப்ப மாட்டேன்" என்று அண்ணியார் சொல்லிவிட்டார். அண்ணாச்சி என்னிடம் வந்து, "தம்பி, அடியோட விட என்னால ஆகுமோ ஆகாதோ தெரியல. சோத்தோட சேத்து மெதுவாக் குடிக்க ஏதும் உண்டா?" என்றார்.

அதன் விளைவே சென்ற ஞாயிற்றுக்கிழமைச் சோதனை.

மூடிய கடையும் திறந்த கதவும்

கேரளத்தில் ஒயின் சாதாரணக் குடிமகன் கண்ணில் பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1996 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் இங்கே சாராயம் தடை செய்யப்பட்டது. 2014இல் உம்மன் சாண்டி அரசு முதலில் 418 பார்களின் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. பிறகு ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் தவிர மற்ற எல்லா பார்களையும் மூடுவது என்று முடிவு செய்தது. மூடிய பார்களில் பல, பீர்–ஒயின் பார்லர் என்ற புதுப் பெயரில் திறந்தன. பிராந்தி கேட்டு வந்தவனுக்கு முன்னால் வேறு வழியின்றி ஒயின் வந்து நின்றது. 2017இல் கொள்கை மாறி பார்கள் திரும்பவும் திறந்தன. ஆனால் ஒயின் என்றால் பாதிரியார் பூசைக்கு வைப்பது என்ற நினைப்பு மட்டும் அந்த மூன்று ஆண்டுகளில் கொஞ்சம் கலைந்தது.

மூன்று பேர் பங்கு போட்டு இரண்டு பாட்டில் வாங்கினோம். ஒன்று 'போர்ட்' என்று பெயர் போட்ட இனிப்பு ஒயின்; அலமாரியில் இருந்தவற்றில் விலை குறைந்தது அதுதான். மற்றது நாசிக் பக்கத்துத் திராட்சையில் செய்த, இனிப்பில்லாத சிவப்பு ஒயின். போர்ட் என்பது உண்மையில் போர்ச்சுகல் நாட்டின் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிறந்த சரக்கு. அங்கே புளித்துக் கொண்டிருக்கும் ரசத்தில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதிப்பைப் பாதியில் நிறுத்துவார்கள். பழச் சர்க்கரை மீந்து இனிப்பு நிற்கும். நம் நாட்டுக் கடைகளில் அதே பெயரில் கிடைப்பதற்கும் அதற்கும் உறவு பெரும்பாலும் பெயரளவில்தான்.

இனிப்பில்லாத இந்திய ஒயினுக்கு வயது அதிகமில்லை. பெங்களூருக்கு அருகே நந்தி மலையடியில் குரோவர், நாசிக்கில் 1999இல் தொடங்கிய சுலா என்று இரண்டு தலைமுறைக்குள் அடங்கும் கதை. ஆனால் நம் நாக்குக்கு ஒயின் பழசு. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் சொல்கிறார். அந்தக் கலங்களின் உடைந்த ஓடுகள் அரிக்கமேட்டிலும் கிடைத்தன. கொடுங்கல்லூர் அருகே பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்விலும் கிடைத்தன. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "பாண்டியனுக்கு மறுநாள் ஆபீஸ் உண்டா?" என்று கேட்டுவிட்டார்.

நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு

முதலில் வெறும் ஒயின். நாசிக் சரக்கை ஒரு வாய் குடித்த அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். "இது என்ன, கொட்டைப்பாக்கு மென்ன மாதிரி நாக்கைப் பிடிக்கு!"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சிவப்பு ஒயினின் சூட்சுமமே அங்குதான் இருக்கிறது. திராட்சையைப் பிழிந்து சாற்றை மட்டும் புளிக்கவைத்தால் வெள்ளை ஒயின். தோலும் விதையுமாகச் சேர்த்துப் புளிக்கவைத்தால் தோலில் உள்ள நிறம் இறங்கிச் சிவப்பாகும். கூடவே துவர்ப்பும் இறங்கும். இதை மேல்நாட்டார் 'டானின்' என்று பெரிதாகப் பேசுவார்கள். பாலில்லாத கட்டன் சாயாவில் இருப்பதும், வாழைப்பூவில் இருப்பதும், கடுக்காயில் இருப்பதும் இந்த வகைதான். அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்து வைத்த நமக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இனி சாப்பாடு. லாட்ஜுக்குக் கீழே மெஸ் நடத்தும் நாகர்கோவில் அம்மாள் மரச்சீனிக் கிழங்கு அவித்து, தேங்காய் அரைத்துக் குடம்புளி போட்ட சாளை மீன் குழம்பு தந்தார். (மரச்சீனியைத் திருவிதாங்கூர் ஏழைகளின் அன்னமாக்கியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இந்த ஊரில் பிழைக்க வந்த தமிழர்களில் அவருக்குக் கடன்படாதவர் குறைவு.)

குழம்பு மீனோடு நாசிக் ஒயின் சேரவே இல்லை. வாயெல்லாம் ஒரு கவிச்சி; பழைய இரும்புச் சாவியை நக்கியதுபோல ஒரு ருசி. காரணம் இருக்கிறது. 2009இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் பல ஒயின்களை மீனோடு சேர்த்துச் சோதித்து, சில ஒயின்களில் உள்ள இரும்புச் சத்துதான் மீனின் கொழுப்போடு சேர்ந்து அந்த நாற்றத்தைக் கிளப்புகிறது என்று கண்டார்கள். சாளையோ எண்ணெய் மீன், கேட்க வேண்டுமா? காரமும் ஒத்துழைக்கவில்லை. மிளகாய் எரிச்சலைச் சாராயச் சத்து தூண்டிவிடும். துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும். மூன்றாவது நண்பர் ஒரு செம்புத் தண்ணீரைக் காலி செய்தார்.

அதே தட்டில் போர்ட் எடுபட்டது! அதன் இனிப்பு காரத்தை அமர்த்தியது. குடம்புளியின் புளிப்பு, போர்ட்டின் திகட்டலை வெட்டியது. தனியாகக் குடித்தபோது இருமல் மருந்து என்று நாங்கள் கேலி செய்த அதே சரக்கு, மரச்சீனியும் குழம்பும் உள்ளே போன பிறகு கௌரவமாக நடந்துகொண்டது. விலை குறைந்ததுதான் வென்றது என்பதில் எங்கள் பர்சுக்கும் திருப்தி.

அடுத்து பரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும். இங்கே நாசிக் ஒயின் பழி தீர்த்துக்கொண்டது. தேங்காய்ச் சில்லும் மிளகும் போட்டு வறண்டு வறுத்த இறைச்சியின் கொழுப்பிலும் உப்பிலும் துவர்ப்பு கரைந்துபோய், பழ வாசனை மேலே வந்தது. "இது இப்பதான் குடிக்க லாயக்கா இருக்கு" என்றார் அண்ணாச்சி. சாலைக் கம்போளத்தில் ரஹ்மானியா ஓட்டலிலிருந்து வாங்கிவந்த கேத்தல் கோழிக்கும் அது பாதகமில்லை; ஆனால் பொரித்த மிளகாய்த் தூளை அதிகம் அள்ளினால் பழைய எரிச்சல் திரும்பும்.

மூன்றாமவர் சைவம். அவருக்காக சாம்பார் சாதம், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, தயிர் சாதம். சாம்பாரோடு எந்த ஒயினும் ஒட்டவில்லை; பெருங்காயம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. எண்ணெய் மிதக்கும் புளிக்குழம்புக்கு போர்ட் பரவாயில்லை. தயிர் சாதத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

கம்பத்துப் பழம்

நடுவில் பக்கத்து வீட்டு மலையாளி அம்மச்சி, கிறிஸ்துமசுக்குச் செய்ததில் மிச்சம் என்று ஆளுக்கு ஒரு சிறு கண்ணாடி டம்ளர் கொண்டுவந்து வைத்தார். ஏலமும் கிராம்பும் மணக்க, பாகுபோல் இருந்தது. கேரளக் கிறிஸ்தவ வீடுகளில் பரணியில் திராட்சையும் சர்க்கரையும் போட்டுத் துணி கட்டி வைக்கும் இந்த வழக்கம் நெடுநாளையது. ஆனால் உரிமமில்லாமல் வீட்டில் ஒயின் செய்வது அப்காரிச் சட்டப்படி குற்றம். விற்றால் இன்னும் பெரிய குற்றம். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கலால் துறை இதை நினைவுபடுத்துவதும் உண்டு. எனவே வாசகர்கள் செய்முறை கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம்.

எந்தப் பழம் என்று அம்மச்சியிடம் கேட்டோம். "உங்கள் கம்பத்து முந்திரிங்ங" என்றார். மலையாளத்தில் முந்திரிங்ங என்றால் திராட்சை. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை அது. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்ற ரகம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. முல்லைப் பெரியாற்று அணை 1895இல் வந்த பிறகு, மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீர் மலையைத் துளைத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் விளைந்த பழம் குமுளி ஏறித் திரும்பக் கேரளம் போய் கிறிஸ்துமஸ் ஒயினாகிறது. அணைக்காக வழக்காடும் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில் இந்தப் பழக்கூடை மட்டும் வழக்கில்லாமல் போய்வருகிறது!

கேரள அரசு 2022இல் சிறு ஒயின் ஆலைகளுக்கு விதிகள் வகுத்தது. வேளாண் பல்கலைக்கழகம் 'நிளா' என்ற பெயரில் வாழை, அன்னாசி, கொல்லாம்பழம் ஆகியவற்றில் ஒயின் தயாரித்திருக்கிறது. திராட்சை தராத மண்ணுக்கு அது பொருத்தமான யோசனைதான்.

ஒரு கணக்கு

இனி அண்ணாச்சியின் விவகாரம். "ஒயின் என்ன, பழச்சாறுதானே" என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டுப் பிராந்தியில் சாராயச் சத்து நூற்றுக்கு 42.8. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சாராயம் சுமார் 77 மில்லி. ஒயினில் நூற்றுக்கு 13 என்று வைத்தால், 750 மில்லி பாட்டில் முழுவதிலும் சுமார் 97 மில்லி. அதாவது ஒரு பாட்டில் ஒயினை ஒருவரே குடித்தால் அது குவார்ட்டரைவிட அதிகம்! வித்தியாசம் அளவிலும் வேகத்திலும்தான் இருக்கிறது. 150 மில்லி டம்ளர் ஒன்றில் 20 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. சோற்றோடு சேர்த்து முக்கால் மணி நேரம் வைத்துக் குடித்தால் அது ஒரு மாதிரி. மடக்கென்று இறக்கினால் அதுவும் பிராந்திதான்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று 1990களில் உலகம் முழுவதும் பேசப்பட்டது. அதை நம்பி யாரும் தொடங்க வேண்டாம். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் குடிக்காமல் இருப்பதே லாபம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. கேரளத்தில் மது வாங்க 23 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதையும், மாதம் 1ஆம் தேதி கடை மூடியிருக்கும் என்பதையும் புதிதாக வந்த தம்பிமார் தெரிந்துகொள்ளட்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன். சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக் கூடாது என்பார்கள். அது குளிர்நாட்டு அறைச் சூட்டை வைத்துச் சொன்னது. நம் லாட்ஜ் அறையில் சித்திரை மாத மாலையில் 30 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் சாராய நெடிதான் மேலே வரும். குளிர்பெட்டி இருந்தால் அரை மணி. இல்லாதவர்கள் பாட்டிலில் ஈரத்துணி சுற்றி ஜன்னலோரம் வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ருசி மாறியது நன்றாகவே தெரிந்தது. திறந்த பாட்டில் மூன்று நாளைக்கு மேல் நிற்காது. நான்காம் நாள் எங்கள் நாசிக் மிச்சத்தை மெஸ் அம்மாள் இறைச்சி ஊறவைக்க வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு எட்டரை மணிக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போன் போட்டுப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை இரவில் அவர் குரல் அந்த வீட்டுக்குக் கேட்டு எத்தனை வருடமோ. மறுமுனையில் அண்ணியார், "என்ன, இன்னைக்குக் கடை லீவா?" என்று கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது.

இந்த வாரம் அலுவலகத்தில் அவரைத் தனியாகப் பிடித்து விசாரித்தேன். போர்ட் ஒரு பாட்டிலும், எதற்கும் இருக்கட்டும் என்று பிராந்தி ஒரு குவார்ட்டரும் வாங்கினாராம்.

"குவார்ட்டர் என்னாச்சு அண்ணாச்சி?"

"பெட்டிக்குள்ள இருக்கு. இன்னும் திறக்கல தம்பி" என்றார்.