மூளை விட்டால்தான் கால் விரியும்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் களரிப்பயட்டு கற்றுத் தரும் சி.வி.என். களரி இருக்கிறது. சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் தொடங்கியது. காலை வேளையில் மேலேயிருந்து எட்டிப் பார்த்தால், கீழே குழியாக இறங்கிய மண்தரை தெரியும். களரிக்கு வழக்கமான அளவு 42 அடிக்கு 21 அடி. அங்கே பயில வரும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் வாளைத் தொடுவதில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, முட்டி மடங்காமல் ஒரு காலை வீசி அந்தக் கைகளைத் தொட முயல்கிறார்கள். நேர்க்கால், கோண்கால், வீத்துகால் என்று ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பெயர். குருக்கள் (ஆசான்) வாய்த்தாரி என்னும் வாய்மொழிக் கட்டளைகளைச் சொல்லச் சொல்ல, களரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இதேதான். மாதக்கணக்கில் பழகிய பிறகு, சிலருக்குக் காலை முன்னும் பின்னுமாக விரித்துத் தரையில் உட்காரவும் வந்துவிடுகிறது.

அதே ‘ஸ்பிளிட்ஸ்’ நிலையைத்தான் முப்பதே நாளில் கற்றுத் தருவதாகக் கைப்பேசி வீடியோக்கள் கூவுகின்றன. தசை குட்டையாக இருக்கிறது, இழுத்தால் நீளும் என்பது அவற்றின் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு.

ஒரு சின்ன சோதனை. மேசைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஒரு காலைத் தூக்கி அதன்மேல் நீட்டி வையுங்கள். இடுப்பைக் கொஞ்சம் முன்னே சாய்த்தால் பலருக்கும் வரும். அடுத்த காலுக்கும் அப்படியே. ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்குக் குறுக்கே ஓடும் தசை எதுவும் மனித உடலில் இல்லை. தனித்தனியே விரிகிற கால்கள், இரண்டையும் சேர்த்து விரிக்கும்போது மட்டும் ஏன் பாதியிலேயே நின்றுவிடுகின்றன? (இடுப்பு ஒரு பக்கம் ஏறி நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அங்கே தடுப்பதில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தினுடையது. தசைக்குள் புதைந்திருக்கும் தசைக்கதிர் என்ற நுண்ணிய உணரிகள், தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று ஓயாமல் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்புகின்றன. பழக்கமில்லாத எல்லைக்குப் போனால், ‘சுருங்கு’ என்று பதில் ஆணை வருகிறது. கூடவே வலியும்.

1996இல் டென்மார்க்கில் ஆய்வாளர் மேக்னஸனும் அவரது சகாக்களும் இதை அளந்து பார்த்தார்கள். ஏழு பெண்கள் மூன்று வாரம் ஒரு காலின் பின்தொடைத் தசையை மட்டும் தினமும் நீட்டிப் பயிற்சி செய்தனர். மறு கால் ஒப்பீட்டுக்கு. பயிற்சி பெற்ற காலைக் கூடுதலாக நீட்ட முடிந்தது. ஆனால் தசையின் விறைப்பில் மாற்றமே இல்லை. முன்பு தாங்காத இழுவையை இப்போது தாங்கினார்கள், அவ்வளவுதான். தசை அப்படியே இருக்க, மூளை தன் எச்சரிக்கைக் கோட்டைத் தள்ளி வரைந்திருந்தது. மாதக்கணக்கில், நீண்ட நேரம் நீட்டினால் தசையிலும் மாற்றம் வரலாம். ஆனால் முதல் சில வாரங்களில் கிடைக்கும் வெற்றி பெரும்பாலும் இந்தத் தாங்கும் திறனின் வெற்றிதான்.

இதை வைத்துப் பார்த்தால் களரியின் பழைய ஒழுங்கில் நிறைய பொருள் இருக்கிறது. தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் களரிக்குள் காற்று அடிப்பதில்லை. உடம்பு சீக்கிரம் வியர்க்கிறது. சூடேறிய தசையும் நாரும் எளிதாக நெகிழும். காலை வீசும்போது முன்தொடைத் தசை இறுகுகிறது. அப்போது எதிர்ப்பக்கத் தசையைத் தளர்த்தும்படி தண்டுவடமே உத்தரவிடுகிறது. சிங்க வடிவு, வராக வடிவு போன்ற தாழ்ந்த நிலைகளில் நீண்ட தசையே உடல் எடையைச் சுமக்கிறது. நீண்டுகொண்டே பாரம் தாங்கும் பயிற்சியால் வலுவோடு நெகிழ்வும் கூடுகிறது என்பதற்கு இன்று நல்ல ஆதாரம் உண்டு. அசையாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பிடித்துவிட்டு உடனே ஓடினாலோ குதித்தாலோ திறன் சற்றுக் குறைகிறது. சண்டைக்கு முன்னால் களரிக்காரர்கள் நீட்டிப் பிடிக்காமல் வீசியே பழகியது சரிதான்.

கர்க்கடக மாதத்து உழிச்சிலைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த மாதம் நமக்கு ஆடி, கேரளத்தில் அடைமழைக் காலம். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எண்ணெயில் ஊறிய உடலைக் காலால் நீவுவார்கள்; கதகளி மாணவர்களுக்கும் இது உண்டு. பிடித்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு நெகிழ்வு கூடும். அதற்குமேல் நிற்பது அன்றாடப் பயிற்சியால்தான் என்பது என் எண்ணம்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: பின்தொடைத் தசையை 30 விநாடி நீட்டிப் பிடித்தவர்களும் 60 விநாடி பிடித்தவர்களும் ஆறு வார முடிவில் ஒரே அளவு முன்னேறினர். 15 விநாடி போதவில்லை. இது 1994 ஆய்வு.

மூளை அனுமதித்தாலும் அனுமதிக்காத ஒன்று எலும்பு. இடுப்புக் கிண்ணம் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, தொடை எலும்பின் கழுத்து என்ன கோணம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கவாட்டில் விரிக்கும்போது எலும்பும் எலும்பும் முட்டிவிட்டால் எந்தப் பயிற்சியும் அதை நகர்த்தாது. முன்பின்னாக விரிக்கும்போது, பின்னால் போகும் காலை இடுப்பின் முன்புறம் கவை வடிவில் இருக்கும் நார் பிடித்துக்கொள்கிறது. உடலிலேயே வலுவான நார் அது. இப்படி முன்பின்னாக விரிக்கும் ஹனுமனாசனப் படங்களை உற்றுப் பாருங்கள். பலருக்குப் பின்கால் முட்டி வெளிப்பக்கம் திரும்பி, இடுப்பு முன்னே சாய்ந்திருக்கும். அந்த நாரிடமிருந்து தப்பும் வழி அது. திருவாலங்காட்டு ஊர்த்துவ தாண்டவமூர்த்திக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

என் கோபம், பிள்ளைகளின் தோளில் ஏறி உட்கார்ந்து அழுத்தும் பயிற்சியாளர்கள் மீது. பின்தொடைத் தசை தொடங்கும் இடம் நாம் உட்காரும்போது தரையில் படும் எலும்பு. அந்த முனை, பதின்ம வயது கடந்தும் சிலருக்கு முழுதாக ஒட்டியிருக்காது. நடுவே வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும். திடீரென்று இழுத்தால் தசை கிழிவதற்கு முன் எலும்பின் துண்டே பெயர்ந்து வரலாம். இளம் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களிடம் மருத்துவர்கள் பார்க்கும் காயம் இது. யோக ஆசான் பி.கே.எஸ். ஐயங்காரே இளவயதில், மைசூரில், குருநாதர் கிருஷ்ணமாச்சாரியார் சொன்னதற்காகப் பழகாமலேயே ஹனுமனாசனம் செய்து, பின்தொடைத் தசை கிழிந்து வெகுகாலம் அவதிப்பட்டதைச் சொல்லியிருக்கிறார்.

தொடையின் நடுப்பகுதியில் பரவலாக இழுப்பது பயிற்சியின் அடையாளம். உட்காரும் எலும்பில் சுருக்கென்று குத்தினாலோ, இடுப்பின் முன்மடிப்பில் நெரிந்தாலோ அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். அந்த நெரிப்பு வாரக்கணக்கில் போகாவிட்டால், எலும்பு மருத்துவரைப் பார்த்து ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்வது நல்லது.