வால் துண்டுக்கும் தலை முளைக்கும்

ஓடையில் கிடக்கும் கல்லைப் புரட்டினால் சில சமயம் அடிப்பக்கத்தில் வழவழவென்று ஒட்டிக்கொண்டிருக்கும், பிளனேரியா என்னும் தட்டைப்புழு. நீளம் ஒரு செ.மீ. அளவுதான். முக்கோணத் தலையில் இரண்டு கண்புள்ளிகள். வாயோ உடலின் நடுவே, வயிற்றுப் பக்கம். உடல் மீளவளர்வதைப் பள்ளியிலேயே கண்ணால் பார்க்க இதைவிட ஏற்ற உயிர் கிடைப்பது அரிது.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே இரை போடுவதை நிறுத்திவிட வேண்டும். பனிக்கட்டி மேல் வைத்த தட்டில், ஈரமான வடிதாளில் புழுவை விட்டால் குளிரில் அசைவு குறையும். அப்போது கூரான பிளேடால் குறுக்கே இரண்டு வெட்டு: தலை, நடு, வால். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் இட்டு, மேலே எழுதி ஒட்டி, இருட்டில் வைக்கலாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மட்டும் ஆகாது.

இரண்டு மூன்று நாளில் வெட்டுவாயில் நிறமற்ற முனை ஒன்று துளிர்க்கும். ஒரு வாரம் போனால் வால் துண்டிலும் கண்புள்ளி தெரியும். இரண்டு வாரத்தில் மூன்றும் முழுப் புழுக்கள், அளவில்தான் சிறியவை. இடையில் இரை வேண்டாம். இருக்கிற உடலையே சுருக்கித் திருத்தி அமைத்துக்கொள்கின்றன.

மாணவர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது நடுத்துண்டை. அதன் முன்வெட்டில் தலை, பின்வெட்டில் வால். முதல் வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: பிளேடு படும்வரை அங்கே அடுத்தடுத்து இருந்த செல்கள்தாம் அவை. தலைத் துண்டோடு போனவை வாலை உண்டாக்குகின்றன; நடுத்துண்டில் நின்றவை தலையை உண்டாக்குகின்றன. திசையை அவற்றுக்கு யார் சொன்னது?

பின்னாளில் பழ ஈக்களை ஆராய்ந்து 1933இல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹன்ட் மார்கனையும் இக்கேள்வி விடவில்லை. 1898இல் பிளனேரியா ஆய்வை வெளியிட்ட அவர், மிக மெல்லிய துண்டுகள் சில இரு முனையிலும் தலை வளர்ப்பதைக் கண்டார். விடை தெளிந்தது 2008இல்தான். விண்ட் என்னும் வேதிச் செய்தி வால் பக்கம் ஓங்கியிருக்கிறது. அதை உள்ளே கடத்தும் பீட்டா-கேட்டனின் புரதத்தை முடக்கியதும், வால் வர வேண்டிய இடத்தில் தலை முளைத்தது.

புதிய உறுப்புகளைக் கட்டுபவை நியோபிளாஸ்ட் என்னும் குருத்தணுக்கள். கதிர்வீச்சால் அவற்றை அழித்துவிட்டால் புழு சில வாரங்களில் மாண்டுபோகும். 2011இல் அப்படிச் சாகவிருந்த புழுக்களுக்குள் ஒரே ஒரு நியோபிளாஸ்டைச் செலுத்தினார்கள். அந்த ஒற்றைச் செல்லின் வழித்தோன்றல்களால் சில புழுக்கள் பிழைத்துக்கொண்டன.

நேரமிருக்கும் வகுப்பு இன்னொன்றும் செய்யலாம். தலையை நடுவே நீளவாக்கில் பிளந்தால் இரட்டைத் தலை வரும். ஆனால் பிளவு விரைவில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போதெல்லாம் மறுபடி பிரித்துவிட வேண்டும்.