கலவையைத் தொடுவது கடைசியில்

“பாஸ், கலவைய கொஞ்சம் கொறச்சு விடுங்க.” பழைய எம்.ஜி.பி. காரோடு மலையேறி தெல்தோட்டைக்கு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான். புகைக்குழாயில் கரி கண்டால் கார்புரேட்டர்மேல்தான் பழி. நானோ முதலில் வால்வு இடைவெளி, பாயின்ட், டைமிங், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் பார்ப்பேன். மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் காற்றுக் கசிவிருந்தால் எந்தத் திருகலும் நிலைக்காது.

கலவை என்றால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாய் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும், பணமும் புகையாகும். குறைந்தால் எஞ்சின் சூடேறும், ஏற்றத்தில் ‘டக் டக்’ என்று தட்டும்.

எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினில் எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டு. மொரிஸ் மைனரில் இருப்பதும் இதே வகைதான், ஆனால் அதில் ஒன்றே ஒன்று. உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் நுனி மெலிந்த ஊசி, ஊசி இறங்கும் ஜெட். காற்று கூடுதலாக இழுபட்டால் பிஸ்டன் உயரும், ஊசியும் உயரும், இடைவெளி வழியே பெட்ரோல் அதிகம் வரும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே வேலை தொடங்கும். இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் தண்டின் கிளாம்பைத் தளர்த்தி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு வாயிலுமாக வைத்துக் கேட்பேன். இரண்டு சீறலும் ஒன்றாகும்வரை ஐட்லிங் ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். அதற்குப் பின்தான் அடியிலுள்ள ஆறு பட்டை நட். மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு நேரத்தில் ஒரு பட்டைதான்.

சோதிக்க, பக்கத்திலுள்ள சின்னப் பின்னைத் தள்ளிப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி.

மலைநாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. கண்டி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். 1934 முதல் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் நடக்கும் நுவரெலியா 1868 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. அதனால் கொழும்பில் சரியாக ஓடிய கார் மலையில் கரி கக்கும். இங்கே சரிசெய்தது கீழே போனால் பெட்ரோல் போதாமல் திணறும்.

அதனால் கார் அதிகம் ஓடுவது எங்கே என்று கேட்டுக்கொள்வேன். அடிக்கடி கொழும்புக்கு இறங்குபவருக்கு ஒரு பட்டை கூடுதலாகவே விடுவேன். கரி பிடித்த பிளக்கைத் துடைத்துவிடலாம். பெட்ரோல் குறைந்து வால்வு எரிந்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும்.