பீப்பாயில் இருக்கும்போதே விலை: பிரெஞ்சு ஒயினின் ‘அறுவடை ஆண்டு’ எவ்வாறு மதிப்பிடப்படுகிறது?

பிரான்ஸின் தென்மேற்கில் உள்ள போர்டோ பகுதியில் முந்தைய இலையுதிர் காலத்து அறுவடையின் ஒயினை ஒவ்வொரு வசந்த காலத்திலும் விமர்சகர்களும் வணிகர்களும் சுவைத்துப் பார்க்கின்றனர். அப்போது அந்த ஒயின் ஓக் மரப் பீப்பாயில்தான் இருக்கும். புட்டியில் அடைக்க இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆகலாம். ஆயினும் மதிப்பெண் வழங்கப்படுகிறது, விலை நிர்ணயிக்கப்படுகிறது, விற்பனையும் தொடங்குகிறது. ‘ஆன் பிரிமர்’ எனப்படும் இம்முறையில் வாங்குவோர் ஒரு கணிப்பை நம்பியே பணம் செலுத்துகின்றனர்.

கணிப்பு பிழைத்ததும் உண்டு. 1975ஆம் ஆண்டின் ஒயின்கள் தொடக்கத்தில் பெரிதும் புகழப்பட்டன. துவர்ப்பு மிகுந்திருந்ததால் அவை பல்லாண்டுகள் தாங்கி முதிரும் எனக் கருதப்பட்டது. ஆனால் அவற்றுள் பலவற்றில் பழச்சுவை மங்கிய பின்னும் துவர்ப்பு தணியவில்லை. 1982இல் நிலைமை நேர்மாறானது. புளிப்புக் குறைவு, நெடுநாள் நிலைக்காது எனச் சிலர் ஐயுற்றனர். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அந்த ஆண்டை உறுதியாகப் பாராட்டினார். அவரது புகழ் வளர அதுவே பெருங்காரணமாயிற்று. இன்று 1982, இருபதாம் நூற்றாண்டின் சிறந்த அறுவடைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டிய இப்பகுதியில் வானிலை நிலையற்றது. 1991, 2017 ஆகிய ஆண்டுகளில் ஏப்ரல் மாத உறைபனி துளிர்களைக் கருக்கியது. 2013இல் பூக்கும் பருவத்துக் குளிரும் மழையும் காய்ப்பிடிப்பைக் குறைத்தன. 2003இன் கடும் வெப்பத்தில் திராட்சையில் சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கியது. ஒரே ஆண்டு எல்லாத் தோட்டங்களுக்கும் ஒன்றுபோல் அமைவதும் இல்லை. ஆற்றின் வலக்கரையில் விரைவில் பழுக்கும் மெர்லோ திராட்சை மிகுதி. இடக்கரையில் தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சோவினியோன் மிகுதி. 1998இல் வலக்கரை அறுவடை பெரும்பாலும் மழைக்கு முன்பே முடிந்ததால் அங்கு ஒயின் சிறந்தது; இடக்கரையில் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே ‘நல்ல ஆண்டு’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் நம்பி வாங்குவது சரியன்று.

ஒரே தோட்டத்தின் பல ஆண்டு ஒயின்களை வரிசையாகச் சுவைப்பது ‘செங்குத்து’ முறை. ஒரே ஆண்டின் பல தோட்டங்களை ஒப்பிடுவது ‘கிடைமட்ட’ முறை. முதலில் கிண்ணத்தை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து விளிம்பின் நிறத்தைக் காண்பர். இளம் சிவப்பு ஒயினில் ஊதா சாயல் தெரியும். முதிர்ந்ததில் செங்கல் நிறம். அடுத்தது மணம். இளமையில் பழ வாசனை மேலோங்கும்; வயது ஏறும்போது புகையிலை, தோல், ஈர இலை ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் வரும். நனைந்த அட்டை போன்ற நெடி வந்தால் ஆண்டின் மீது பழி போடலாகாது; அது பெரும்பாலும் தக்கையால் நேரும் கெடுதல். பின்னர் வாயில் புளிப்பையும், கடுந்தேநீர் போல நாவைப் பற்றும் துவர்ப்பையும், சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதையும் கவனித்துவிட்டு உமிழ்ந்துவிடுவர். நாள் முழுதும் சுவைப்பவர் விழுங்கத் தொடங்கினால் மதிப்பீடு மாலைக்குள் தடம் புரளும்.

கண்ணும் ஏமாற்றும். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயினை, போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் பயின்ற 54 மாணவர்களிடம் கொடுத்தனர். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதன் மணத்தை விவரித்தனர். பெயர்ச்சீட்டை மறைத்துச் சுவைப்பது இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது. போர்டோவின் புகழ்பெற்ற 1855ஆம் ஆண்டுத் தரவரிசைகூட, தோட்டங்களின் ஒயின் சந்தையில் பெற்றுவந்த விலையை ஒட்டித் தரகர்கள் வகுத்ததே; அது எந்த ஆண்டின் அறுவடையையும் பற்றிப் பேசுவதில்லை.

பீப்பாய் ஒயினுக்கு விமர்சகர்கள் பலரும் 100க்கு இத்தனை முதல் இத்தனை வரை என ஒரு வரம்பையே தருகின்றனர். புட்டியில் அடைத்த பிறகு மீண்டும் சுவைத்தே ஒற்றை மதிப்பெண் வழங்குகின்றனர். அதற்குள் வாங்குவோர் பலர் பணத்தைச் செலுத்தி முடித்திருப்பர்.