வீட்டு முற்றத்தில் ஒரு மர ஆலை



உரலும் உலக்கையும் வழங்கிய காலத்தில் நெல் வீட்டிலேயே குற்றப்பட்டது. நெல் ஆலை தோன்றியபின் நெல் வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஆலையைத் தேடிச் சென்றது. மரத்தின் கதையும் இத்தகையதே. முன்னாளில், மரம் அரிவோர் இருவர் நெடுவாளைத் தோளிற் சுமந்து, மரம் விழுந்த இடத்துக்கே வந்தனர். நிலத்திற் குழி வெட்டி, அதன் மேலே மரத்தை ஏற்றி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று நாள் முழுவதும் வாளை இழுத்தனர். பின்னர்ப் பட்டினத்து மரக்காலைகளில் இயந்திர வாள்கள் வந்தன. மரம் லொறியேறி அவற்றிடம் சென்றது. இன்றோ, ஆலையே பெட்டிகளில் அடைபட்டு மரம் கிடக்கும் வளவுக்கு வந்து சேர்கின்றது. அவ்வாறு வந்த ஆலை ஒன்றை ஒன்றுகூட்டிய அனுபவத்தைக் கொண்டு, அதன் அமைப்பையும் அது நம்மிடம் வேண்டிநிற்கும் கவனத்தையும் விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், என் தம்பியார் வயலும் தோட்டமும் செய்துவருகிறார். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிழக்கு மாகாணத்தைச் சூறாவளி தாக்கியபோது நாங்கள் சிறுவர்கள். கூரையிழந்த வீடுகளும், அவற்றின் அருகே கூரைக்கு வேண்டிய மரங்களும் ஒருங்கே கிடந்த காட்சியை நாங்கள் கண்டோம். எங்கள் வளவிற் சாய்ந்த மரங்களிற் பல உளுத்துப்போயின. மரம் இல்லாமையால் அன்று. அதனைக் காலத்தில் அரிந்து தருவார் இல்லாமையாலேயே அவை வீணாயின. அந்நினைவு தம்பியாரை விட்டு அகன்றதில்லை. எங்கள் தந்தையார் கைப்பட நட்ட வேம்புகள் இரண்டு அண்மையில் ஒரு பெருங்காற்றிற் சாய்ந்தபோது, மூன்று கறவைப் பசுக்களை விற்றும், எஞ்சியதற்குக் கடன்பட்டும், அவர் இவ்வாலையை வாங்கினார். மகளுக்குக் கட்டும் வீட்டின் கூரைமரங்களை மாரிக்கு முன் இதிலே அரிந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆலையின் அமைப்பு எளிதானது. நிலத்தில் ஓர் ஏணியைப்போலக் கிடப்பது அதன் படுக்கை. நீண்ட இரும்புத் தண்டவாளங்கள் இரண்டும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்ததே அது. மரக்குற்றியைச் சட்டங்களின்மேற் கிடத்தி, அசையாதபடி இறுக்குவர். தண்டவாளங்களின்மீது முன்னும் பின்னும் உருளும் தலைப்பகுதியில் எஞ்சினும் இரண்டு பெருஞ் சில்லுகளும் உள்ளன. அச்சில்லுகளைச் சுற்றி, முடிவில்லா நாடாவைப்போல, ஒரு விளிம்பிற் பல் வெட்டிய மெல்லிய உருக்குத் தகடு ஓடும். அதுவே நாடாவாள். மரம் அசையாது கிடக்க, வாள் அதனூடே செல்லும். ஒரு முறை அரிந்ததும், அடுத்த பலகையின் கனத்துக்கேற்பத் தலைப்பகுதியைக் கீழிறக்கி மீண்டும் தள்ளுதல் வேண்டும்.

நாடாவாள் என்னும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் உருவாயிற்று. ஆயினும் தகட்டின் இரு நுனிகளையும் முறிந்துபோகாதபடி பொருத்துவது நெடுங்காலம் இடராகவே இருந்தது. 1846இல் பிரான்சு நாட்டின் ஆன் போலின் கிறெப்பேன் என்னும் பெண்மணி அத்தகைய பொருத்து முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னரே இவ்வாள் தொழிலுக்கு ஏற்றதாயிற்று.

இதன் சிறப்பைச் சிறு கணக்கொன்றால் உணரலாம். வட்டவாள் மரத்தை அறுக்குமிடத்து, ஒவ்வொரு அறுப்பிலும் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் மரம் தூளாகும். மெல்லிய நாடாவாள் 2 மில்லிமீற்றர் அளவையே தூளாக்கும். ஒரு குற்றியைப் 12 முறை அறுப்பின், முன்னதில் 72 மில்லிமீற்றரும் பின்னதில் 24 மில்லிமீற்றரும் தூளாகும். மீதமாகும் 48 மில்லிமீற்றர், ஓரங்குலப் பலகைகள் ஏறத்தாழ இரண்டுக்குச் சமமாகும். சிறிய வளவிற் கிடக்கும் ஒன்றிரண்டு மரங்களை நம்பியிருப்பவனுக்கு இது சிறு இலாபமன்று.

பெட்டிகள் மூன்று ஒரு பிற்பகலில் லொறியில் வந்தன. பெறுவோர் கைக்கொள்ள வேண்டிய முதல் ஒழுங்கு, கையொப்பம் இடுமுன் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தலாகும். பலகை உடைந்தோ, மூலை நசுங்கியோ இருப்பின், அதனைப் படம்பிடித்து, பற்றுச்சீட்டிலும் எழுதிவிடல் வேண்டும். இரண்டாவது, உறுப்புகளை எண்ணுதல். நாங்கள் முற்றத்திற் பாய்களை விரித்து, பட்டியலில் உள்ள வரிசைப்படியே உறுப்புகளை அடுக்கினோம். மரையாணிகளும் சுரைகளும் இருந்தன. அவற்றுக்குரிய வளையங்களைக் காணவில்லை. இரண்டு மணி நேரம் தேடியபின், சில்லை மூடும் உறைக்குள்ளே ஒரு சிறு பையில் அவை கட்டப்பட்டிருக்கக் கண்டோம்.

கைந்நூல் ஆங்கிலத்தில் மாத்திரமே இருந்தது. நான் கலைப் பட்டதாரி, இயந்திரங்களை அறியேன். ஆதலின், வாசித்துப் பொருள் கூறுவது என் பணியாகவும், கேட்டுச் செய்வது தம்பியாரும் அவருடைய மருமகனும் ஏற்ற பணியாகவும் அமைந்தன. இம்முறையில் ஒரு நன்மை இருந்தது. செய்பவன் அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிவிடுவான், வாசிப்பவன் தாண்டமாட்டான். மருமகன் பெட்றோலை ஊற்றி, எஞ்சினை இயக்கும் கயிற்றைப் பற்றியபோது, நான் அடுத்த வரியை வாசித்தேன். எஞ்சினுக்குள் எண்ணெய் இடப்படாமலே அது தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்டுள்ளது என்று அவ்வரி கூறிற்று. இத்தகைய எஞ்சின்களை எண்ணெயின்றி அனுப்புவதே பெருவழக்கு. எண்ணெய் இல்லாமற் சிறிது நேரம் ஓடினும் உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து சிதைந்துவிடும். கயிற்றை ஒரு முறை இழுத்திருந்தால் மூன்று பசுக்களின் விலை அங்கேயே புகையாகியிருக்கும்.

ஒன்றுகூட்டும்போது மரையாணி எதனையும் முதலில் முழுவதும் இறுக்கலாகாது. யாவற்றையும் விரலளவில் மாட்டி, சட்டகத்தின் மூலைக்கு மூலை நாடாவால் அளந்து, இரு மூலைவிட்டங்களும் சமமாகும்வரை மெல்ல அசைத்துச் சரிசெய்த பின்னரே இறுக்குதல் வேண்டும். முன்னரே இறுக்கினால் கோணலும் உடன் இறுகிவிடும்.

நாடாவாளைக் கையாளுதல் தனியே கூறத்தக்கது. மூன்று சுருளாகச் சுற்றிக் கட்டப்பட்ட வாள், கட்டை அவிழ்த்ததும் வில்லைப்போல விரிந்து பாயும். தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிறரை விலக்கி நிறுத்தி, வாளைக் கையெட்டும் தூரத்திற் பிடித்தே அவிழ்த்தல் வேண்டும். மாட்டியபின் பற்கள் வாள் ஓடும் திசையை நோக்கி இருக்கின்றனவா என்று பார்த்தல் அவசியம். உட்புறம் வெளிப்புறமாகப் புரண்ட வாளில் அவை எதிர்த்திசையை நோக்கும். பின்னர், எஞ்சின் தற்செயலாக இயங்காதபடி தீப்பொறிச் செருகியைக் கழற்றிவிட்டு, சில்லைக் கையாற் சுழற்றி, வாள் தன் இடத்திலே நின்று ஓடுகின்றதா என்று காணல் வேண்டும்.

எங்கள் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. போர்க்காலத்தில் நின்ற மரங்களில் துப்பாக்கிச் சன்னங்களும் செல் துண்டுகளும் புதைந்திருத்தல் கூடும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பட்டை வளர்ந்து காயத்தை மூடிவிடும். இரும்பு உள்ளே இருக்கும். ஓடும் வாள் அதிற் பட்டால் பல் முறியும். வாளே அறுந்து பாய்தலும் கூடும். இரும்பு மரத்திலுள்ள துவர்ப்பொருளோடு சேரும்போது கருநீலக் கறை உண்டாகும். குற்றியின் வெட்டுமுகத்தில் அத்தகைய கறை காணப்படின் ஐயுறல் வேண்டும். உலோகம் காட்டும் சிறு கருவியாற் குற்றி முழுவதையும் தடவிப் பார்த்தல் இன்னும் நன்று. எங்கள் வேம்பு ஒன்றிலிருந்து மூன்று துண்டுகளை உளியால் அகழ்ந்தெடுத்தோம். வாள் ஓடும் நேர்க்கோட்டில் எவரும் நில்லாதிருத்தல் எக்காலத்தும் மாறாத விதியாகும்.

நான்காம் நாட் காலையில் முதற் குற்றியை ஏற்றினோம். அரை மீற்றர் விட்டமும் மூன்று மீற்றர் நீளமும் கொண்ட பச்சை மரம். அரைத் தொன் நிறைக்குக் குறையாது. வாள் இனிதே ஓடிற்று. ஆயின், அரிந்த பலகையை அளந்தபோது ஒரு நுனியில் 25 மில்லிமீற்றரும், மறு நுனியில் 28 மில்லிமீற்றரும் இருந்தன. அடுத்த பலகையின் இரு நுனிகளுக்கும் இடையே 6 மில்லிமீற்றர் வேறுபாடு, மூன்றாவதில் 4. கூரைக்கு உதவாத மூன்று பலகைகளும், தந்தையார் நட்ட மரத்தின் பாகங்கள் என்பதனாற் போலும், தம்பியாரைப் பேசவொட்டாமற் செய்தன. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வேலியோரம் சென்று நின்றார்.

அன்றிரவு நான் விற்பனையாளருக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். பழுதுள்ள ஆலையை அனுப்பியமைக்கு மாற்றீடு கோரும் கடிதம் அது. நல்ல ஆங்கிலத்தில், மூன்று பக்கம்.

மறுநாட் காலை, இளமையில் குழிவாள் இழுத்த முதியவர் ஒருவர் புதிய ஆலையைக் காண வந்தார். மூன்று பலகைகளையும் நிலத்தில் நிமிர்த்தி வைத்து, சிறிது நேரம் பார்த்தார். அவர் கூறியதை அவர் மொழியிலேயே சொல்கிறேன்: "மெசின் பிழையெண்டா பிழை ஒரே மாதிரி இருக்கும், சேர். இது பலகைக்குப் பலகை மாறுது. கீழ என்னவோ அசையுது."

எத்தனையோ ஆண்டுகள் மாணவரின் விடைத்தாள்களைத் திருத்திய எனக்கு இவ்வுண்மை தோன்றாதுபோயிற்று. ஒரே பிழை திரும்பத் திரும்ப வருமாயின் அதன் காரணம் நிலையான ஒன்று. பிழை மாறிக்கொண்டே இருப்பின் காரணமும் நகர்ந்துகொண்டிருக்கின்றது. முதியவர் இரண்டு நூல்களைக் கேட்டார். படுக்கையின் நான்கு மூலைகளிலும், ஒரே உயரத்தில், அவற்றைக் குறுக்காக இழுத்துக் கட்டினார். படுக்கை முறுக்கின்றி இருப்பின் இரு நூல்களும் நடுவிலே ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். குற்றி ஏறாதபோது அவை அவ்வாறே நின்றன. குற்றியை உருட்டி ஏற்றியதும், ஒரு மூலையின் நூல் தாழ்ந்து மற்றதை அழுத்தியது. அம்மூலையின் கால் நிலத்துள் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பொழுதே எனக்கு நினைவு வந்தது. அவ்விடம் எங்கள் தந்தையார் காலத்து எருக்குழி. தூர்த்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டமையால் மேலே புல் மூடியிருந்தது. நாங்களோ வெறும் படுக்கைக்கு நீர்மட்டம் வைத்துப் பார்த்தோமேயன்றி, சுமையேற்றிய படுக்கைக்குப் பார்த்தோமல்லோம். கைந்நூல் உறுதியான சமநிலத்தில் நிறுத்துக என்று முதற் பக்கத்திலேயே கூறியிருந்தது. அவ்வரியை நான் வாசித்திருந்தேன், மூவரும் தலையசைத்துமிருந்தோம்.

முழங்கால் ஆழத்துக்கு அவ்விடத்தை அகழ்ந்து, கிரவல் நிரப்பி, படை படையாக இடித்து இறுக்கி, ஒவ்வொரு காலின் கீழும் கொங்கிறீற்றுக் கல் பதித்தோம். குற்றியை ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றி, ஒவ்வொரு முறையும் நூலைப் பார்த்தோம். இரண்டு நாட்கள் சென்றன. அதன்பின் அரிந்த பலகையை அளந்த மருமகன், ஒரு நுனியில் 25 என்றான். மறு நுனிக்கு நடந்துபோய், அங்கும் 25 என்றான். என் கடிதத்தை எடுத்து மீண்டும் வாசித்தேன். அதில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்கவில்லை. பொருளே பிழையாக இருந்தது.

இத்தகைய ஆலையை வாங்க எண்ணுவோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். இயந்திரம் வீட்டு முற்றத்தில் நிற்பதனால் விதிகள் விலகுவதில்லை. மரம் அரியும் ஆலைக்கு வேண்டிய அனுமதியை, பணம் கொடுக்குமுன்னரே வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் விசாரித்துப் பெறுதல் முறையாகும். 1951ஆம் ஆண்டின் மரம் வீழ்த்துதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை, நம் சொந்த வளவில் நிற்பினும், அனுமதியின்றி வீழ்த்தலாகாது. வாள் கைக்கெட்டியதனால் நிற்கும் மரத்தின்மேற் கண் போகாதிருத்தல் வேண்டும். வீழ்ந்த மரம் வீணாகாதிருக்கவே நாங்கள் இதனை வாங்கினோம்.

நிறைவாக ஒன்று கூறுவேன். பெட்டிகளில் வந்து சேர்வது இயந்திரமன்று; இயந்திரத்தின் உறுப்புகளே. அவை இயந்திரமாவது நமது முற்றத்தில். ஆகவே, தொழிற்சாலையின் கடைசி வேலையாட்கள் நாமே. தொழிற்சாலையில் நூறு பேர் செம்மையாகச் செய்ததை, கடைசியில் நிற்கும் நாம் ஒரு காலை மெத்தென்ற மண்ணில் ஊன்றிக் கெடுத்துவிடலாம். குறை காணுமிடத்து, கடிதம் எழுதுமுன் நூல் கட்டிப் பார்த்தல் நன்று.

மாரியின் முதல் மழை பெய்தபோது தம்பியார் மகளின் வீட்டுக்கு ஓடு வேய்ந்து முடிந்திருந்தது. உதவாத பலகைகள் மூன்றையும் அவர் எறியவில்லை. கனத்த நுனியைச் சீவி, அந்த முதியவர் வந்தால் அமர்வதற்கென்று, ஆலையின் அருகே ஒரு வாங்கு செய்து போட்டிருக்கிறார்.