யூட்ரோபினை எழுப்பப் பார்த்த மருந்து

டூஷென் தசைச்சிதைவு உள்ள சிறுவன் தரையிலிருந்து எழுவதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. முதலில் கையும் காலும் ஊன்றித் தவழும் நிலைக்கு வருவான். பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே கைவைத்து ஏறி நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் பருத்து, பலசாலிப் பையன் போலத் தெரியும். பிசியோதெரபிஸ்ட்டான நான் அவன் குதிகாலை நீட்டிவிடும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் கேட்பது ஒன்றுதான்: "எலிக்குச் சரியாயிடுச்சாமே மேடம், புள்ளைக்கு எப்ப வரும்?"

எசூட்ரோமிட் என்ற சேர்மத்துக்கு நேர்ந்ததைத்தான் அவர்களிடம் சொல்கிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உருவாவதில்லை. தசை சுருங்கி விரியும்போது இழையின் உறை கிழியாமல் உள்ளிருந்து பிடித்துக்கொள்வது அதுதான். அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே நோய் தாக்குகிறது. 20 லட்சம் எழுத்துகளுக்கும் மேல் நீளும் மரபணு அது. பிழை எங்கே என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

1989இல் இங்கிலாந்தில் கே டேவிஸின் குழு, டிஸ்ட்ரோபினின் உடன்பிறப்பு போன்ற ஒரு புரதத்தை அறிவித்தது. அதுதான் யூட்ரோபின். கருவில் தசை உறையைக் காப்பது இதுதான். பிறப்பை ஒட்டி இது ஒதுங்க, டிஸ்ட்ரோபின் பொறுப்பேற்கிறது. பிறகு பெரும்பாலும் நரம்பு தசையைத் தொடும் இடங்களில்தான் மிஞ்சியிருக்கும். இதன் மரபணு இருப்பது 6ஆவது குரோமோசோமில். ஆகவே டூஷென் பிள்ளைகளிடமும் பழுதில்லாமல் இருக்கிறது. டிஸ்ட்ரோபின் இல்லாத எலிகளுக்கு மரபணு வழியாக யூட்ரோபினைக் கூட்டியபோது தசைகள் தேறியதை 1996இல் காட்டினார்கள். அதை மருந்தால் கூட்ட முடிந்தால், எந்தப் பிழையோடு பிறந்த பிள்ளைக்கும் ஒரே மருந்து! எனக்கு இந்த யோசனை மேல் இன்றும் ஆசை தீரவில்லை.

ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சலித்துத் தேடிய வழியில் வந்தது எசூட்ரோமிட். அதன் ஒரு பகுதி, அலமாரியில் போடும் அந்துருண்டையில் இருக்கும் அதே நாப்தலீன் அமைப்பு. எலிகளில் பலன் தெரிந்தது. சிறுவர்களிடமோ, மருந்து ரத்தத்தில் போதிய அளவு ஏறவில்லை. கொழுப்பெடுக்காத பால் ஒரு சின்ன கிளாஸ் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 40 சிறுவர்களுக்கு 48 வாரச் சோதனை. 24ஆவது வாரத்தில் தசைச் சேதம் குறைந்த அடையாளங்கள் தெரிந்தன. 48ஆவது வாரத்தில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. 2018 ஜூனில் மருந்தையே கைவிட்டார்கள். அந்த 40 வீடுகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

நோயின் வேகத்தைக் குறைக்கப் பரவலாகக் கொடுப்பது ஸ்டீராய்டு. புது மருந்துச் செய்தியை நம்பி அதைத் தாங்களாகவே சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று ஒவ்வொரு வீட்டாரிடமும் கெஞ்சிச் சொல்கிறேன்.

எசூட்ரோமிட் செல்லுக்குள் எதைப் பிடிக்கிறது என்பது சோதனை நடந்தபோது தெரியாது. ஆக்ஸ்போர்டில் ஏஞ்சலா ரஸ்ஸலும் கே டேவிஸும் சேர்ந்த குழு அதை 2020இல் கண்டுபிடித்தது. டையாக்சின் போன்ற நச்சுகளை உணரும் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பியை அது தடுக்கிறது. அதனால் யூட்ரோபின் கூடுகிறது. அந்த ஏற்பியையே குறிவைத்து, உடம்பில் இன்னும் நன்றாக நிற்கும் சேர்மங்களை இனி தேடலாம்.