ஓரடி இறங்கினால் நாற்பதடி ஏறும்

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று ஊருக்கு ஊர் கிராம சபை கூட்ட வேண்டும் என்பது 2022 முதல் தமிழக அரசு செய்திருக்கும் ஏற்பாடு. கூட்ட நாள் நெருங்கியதும் எனக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. அதிகம் வந்தவை பழவேற்காட்டுப் பக்கமிருந்து. பசியாவரம் போல ஏரி சூழ்ந்த ஊர்களில் என்ன தீர்மானம் கொண்டுவருவது என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. ஏரியின் உப்பு, போர் தண்ணீரின் உப்பு, வராத குழாய்த் தண்ணீர் ஆகிய மூன்றும் ஒரே வழக்காகப் பேசப்படுகின்றன. மூன்றும் வேறு வேறு.

முதலில் ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காலங்கியும் வடக்கே சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்துபோகிறது. இறாலும் மடவையும் நண்டும் பிழைப்பது இந்தக் கலப்பில்தான். ஆகவே ஏரி உப்பாக இருப்பது நோயல்ல. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால்தான் ஆபத்து. உள்ளே இருக்கும் நீர் வெயிலில் வற்றி, உப்பு கடலைவிடவும் ஏறிவிடும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க 26.85 கோடி ரூபாயில் அரசு எடுத்த அலைத்தடுப்புச் சுவர்த் திட்டம் மீனுக்கானது, குடத்துக்கானது அல்ல.

இனி, அதிகம் பேர் கேட்ட கேள்வி: “போர் உப்பாகிவிட்டது. இன்னும் நூறடி ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார்கள். தீர்மானம் போடலாமா?”

போடாதீர்கள். ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் கனமானது. வித்தியாசம் பெரிதல்ல, நூற்றுக்கு இரண்டரை பங்கு. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் கடல் தண்ணீர் 1,025 கிராம். இந்த 25 கிராமில்தான் கடலோர ஊர்களின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. மணல் திட்டில் பெய்த மழை கீழே இறங்கி, அங்கே ஏற்கெனவே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. சுமை ஏற்றிய படகு நீருக்குள் அமிழ்ந்து நிற்பதைப் போலத்தான். வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே அமிழ்ந்திருப்பது அதிகம். எவ்வளவு அதிகம்? 1,000-ஐ 25-ஆல் வகுத்தால் வருவது 40. கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஓரடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பதடிவரை நல்ல தண்ணீர் இருக்கும். அதற்கும் கீழே உப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தில் பாடன் கைபன் என்ற ராணுவப் பொறியாளர் இதைக் கண்டு சொன்னார். 1901-இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் தனியாக அதே முடிவுக்கு வந்தார். நம் கடற்கரைப் பெண்கள் அதற்கு வெகு முன்பிருந்தே மணலில் கையளவு பள்ளம் பறித்து, ஊற்று நீரை மேலாக மொண்டு குடம் நிரப்பியவர்கள். கணக்கு எழுதவில்லையே தவிர, ஆழமாகத் தோண்டக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கணக்கில் எனக்குப் பயம் தருவது அதன் மறுபக்கம். மேலே ஓரடி நீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டால், கீழே உப்பு ஓரடி ஏறுவதோடு நிற்காது. காலப்போக்கில் நாற்பதடி ஏறும். மேலே எடுத்தது சின்னதாகத்தான் தெரியும். கிணற்றை எட்டிப் பார்ப்பவருக்கு ‘தண்ணீர் அப்படியேதானே இருக்கிறது’ என்று தோன்றும். மோட்டாரின் வேகமும் சேர்ந்துகொண்டால் போருக்கு நேர் கீழே உப்பு கூம்பாக எழும்பி வரும். அந்த நிலையில் போரை நூறடி இறக்குவது என்பது உப்பைத் தேடிப் போய்க் குழாய் சொருகுவதுதான். அதற்கு வேலை ஆணையில் ‘ஆழப்படுத்துதல்’ என்று பெயர்.

ஏரி நீரின் உப்பு பருவத்துக்குப் பருவம் மாறுவதால், திட்டு ஊர்களில் நாற்பது என்ற எண் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். நடுவில் கெட்டியான களிமண் அடுக்கு இருந்தால் அதற்குக் கீழே நல்ல தண்ணீர் அகப்படுவதும் உண்டு. ஆனால் அதை நிலத்தடி நீர் ஆய்வு சொல்ல வேண்டும். போர் வண்டிக்காரர் அல்ல.

திட்டில் நடப்பதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால், தெற்கே மீஞ்சூர் இருக்கிறது. ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் இடையில் நல்ல தண்ணீர் மணல் அடுக்குகள் இருப்பதை 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு நடந்த ஆய்வு உறுதிசெய்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்று வயல்கள் அமைந்தன. கிணற்று வயல் என்றால் விவசாயிக்கு என்று நினைக்க வேண்டாம். வரிசையாகப் போர் போட்டு மணலி ஆலைகளுக்கும் சென்னைக்கும் தண்ணீர் அனுப்பும் இடம். உள்ளூர் விவசாயப் போர்களும் சேர்ந்து இறைத்தன. நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கும் கீழே போயிற்று. மேலே நிற்க ஓரடிகூட இல்லை என்றால் நாற்பதின் பெருக்கலுக்கு என்ன வேலை? கடல் பக்கவாட்டில் நடந்து வந்தது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு எல்லை பிற்பாடு பத்துக் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

நல்ல தண்ணீருக்குக் குடிக்கப்படுவது மட்டும் வேலையல்ல. நிலத்துக்குள் சும்மா நிற்பதும் அதன் வேலை. அது நிற்கும்வரை கடல் எட்ட நிற்கும். அதிகாரிகளின் கணக்குப் புத்தகத்தில் இப்படிச் சும்மா நிற்கும் தண்ணீருக்கு ‘பயன்படுத்தப்படாத வளம்’ என்று பெயர் விழுந்துவிடுகிறது. மீஞ்சூரில் அந்த வளத்தைப் பயன்படுத்தினோம்.

அதன் பிறகு என்ன செய்தோம் என்பதையும் பார்க்கலாம். 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003-இல் ஒரு சட்டம் இயற்றி, அதை 2013-இல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில், 2010-இல், பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். மீஞ்சூர் ஆலை என்றுதான் பெயர். தண்ணீர் போவது சென்னைக்கு. கடலைத் தள்ளி நிறுத்தியிருந்த நல்ல தண்ணீரை இறைத்துத் தீர்த்துவிட்டு, அதே கரையில் மின்சாரம் செலவழித்துக் கடலிலிருந்து நல்ல தண்ணீர் பிழிகிறோம். எடுக்கும் கடல் நீரில் பாதிக்கும் குறைவுதான் குடிநீராகிறது. மிச்சம், ஏறத்தாழ இருமடங்கு உப்போடு, மறுபடி கடலுக்கே போகிறது. இதற்கு ‘வறட்சியால் பாதிக்கப்படாத நீராதாரம்’ என்று விளம்பரம். பொய் இல்லை. யாருக்கு என்ற சொல் மட்டும் விடுபட்டிருக்கிறது.

உள்ளே வந்த உப்பைத் திருப்பி அனுப்ப முடியாதா? ஆறுகளில் தடுப்பணை கட்டி மழை நீரை உள்ளே இறக்கினால் முடியும், இங்கும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் உப்பு வந்த வேகத்தில் போகாது. மணலின் இடுக்குகளில் தங்கியதைக் கழுவி வெளியேற்றப் பல்லாண்டுகள் பிடிக்கும்; அதுவரை இறைப்பும் குறைந்திருக்க வேண்டும். தடுப்பணைத் திறப்பு விழாவில் ‘முடியும்’ என்ற முதல் பாதிக்குத்தான் மேடை கிடைக்கிறது.

எவ்வளவு உப்பு கலந்தால் தண்ணீர் கெடும்? கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. அதில் குளோரைடு மட்டும் 19,000. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி குளோரைடு 250 வரை ஏற்கத்தக்கது. நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கடல் நீர் கலந்தாலே 370-ஐத் தாண்டிவிடும். ஆனால் அதே தரப் பட்டியலில் இன்னொரு கட்டம் உண்டு: வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதி. மொத்தக் கரைபொருளுக்கும் அப்படியே: 500 ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லையென்றால் 2,000. வேறு வழி இல்லாத ஊருக்குத் தண்ணீரின் தரம் தானாக உயர்ந்துவிடுகிறது, காகிதத்தில். உங்கள் ஊர் அறிக்கையில் ‘வரம்புக்குள்’ என்று எழுதியிருந்தால், எந்த வரம்பு என்று கேளுங்கள்.

‘குழாய் இணைப்பு’ பற்றி ஒரு வார்த்தை. ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் அறிவிக்கப்பட்டபோது 2024-க்குள் எல்லா கிராமப்புற வீடுகளுக்கும் என்றார்கள்; இப்போது 2028 என்கிறார்கள். விதிப்படி, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தரமானதாக, தொடர்ந்து வந்தால்தான் அது செயல்படும் இணைப்பு. நடைமுறையில் முதலில் எண்ணப்படுவது குழாய். குழாய் எண்ணிக்கை முழுமையான ஊரிலும் இருபது லிட்டர் கேன் விற்பனை குறையாமல் இருந்தால், எந்த எண்ணை நம்புவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

முகத்துவாரம் திறந்தால் கிணறு கெடுமா? முக்கியக் காரணம் அதுவல்ல, மோட்டார்.

இறால் பண்ணைக் குட்டைகளால் கெடுமா? கெடும். குட்டையின் உப்பு நீர் மேலிருந்து கசிகிறது. பழவேற்காடு ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏரியின் பெயரைச் சொல்லியே தீர்ப்பளித்தது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் கூர்மையை மழுக்கியது.

கொதிக்க வைத்தால் உப்பு போகுமா? போகாது, கூடும்.

2023 டிசம்பரில் எண்ணூரில் பரவிய எண்ணெய்க் கசிவு கிணற்றைப் பாதிக்குமா? முதல் அடி முகத்துவாரத்துக்கும் வலைக்கும்தான். கிணற்றுக்கு வேறு பரிசோதனை வேண்டும்.

மணல் அள்ளுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? மணல் மேடுதான் தொட்டி.

ஆழமான ஒரு போருக்குப் பதில் என்ன கேட்பது? ஆழமில்லாத பல கிணறுகள், மெதுவான இறைப்பு, மேடுகளுக்குப் பாதுகாப்பு. போதாததற்கு வெளியிலிருந்து குழாய்.

தண்ணீரை யார் பரிசோதிப்பது? ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தந்து களப் பரிசோதனைப் பெட்டி கொடுக்க வேண்டும் என்பது ஜல் ஜீவன் விதி. பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

கூட்டத்தில் அறிக்கை வாசித்தால் எதைப் பார்ப்பது? தேதியை. மழை முடிந்த ஜனவரியில் எடுத்த மாதிரிக்கும் மே மாத மாதிரிக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.